இலவசமாய் இருந்தால் மட்டும் போதுமா?
மருத்துவக் கணனி மென்பொருளும் மானிப்பாய் தரும் பாடமும்

கிளினிக் கொப்பியை வீட்டில் மறந்துவிட்டு வைத்தியசாலைக்குப் போனவரின் நிலையை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “என்ன மருந்து எடுக்கிறனீங்கள், அம்மா?” என்று வைத்தியர் கேட்பார். “காலமை ஒரு வெள்ளைக் குளிசை, இரவைக்கு ஒரு சின்ன மஞ்சள் குளிசை, ஐயா” என்று அந்தத் தாய் சொல்லுவார். வெள்ளைக் குளிசைகள் எத்தனையோ உள்ளன. வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறஷர் பார்க்க வேண்டும், இரத்தம் சோதிக்க வேண்டும், முன்பு உடம்புக்கு ஒத்துவராத மருந்து எது என்று கேட்டறிய வேண்டும். வெளியே வரிசையில் இன்னும் பலர் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் மறதிக்கே இந்த நிலை. ஊரே இடம்பெயர்ந்தால்? 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நீரிழிவுக்கும் தொய்வுக்கும் வலிப்புக்கும் மருந்தெடுத்து வந்தவர்களும் அந்தச் சனத்திரளில் இருந்தார்கள். கொப்பியையும் எடுத்துச் சென்றவருக்கு அவருடைய நோயின் வரலாறு மிஞ்சியது. மற்றவருக்கு ஞாபகமே துணை.

நோயாளரின் வரலாற்றை ஒழுங்காகப் பதிந்து, வேண்டியபோது எடுத்துத் தரும் கணனி மென்பொருள்கள் இன்று உலகில் உள்ளன. அவற்றுட் சிறந்த சில முற்றிலும் இலவசமானவை. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், தமக்கேற்ப மாற்றலாம், அயலவருக்கும் கொடுக்கலாம். ஆயினும் அவற்றின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? ஒரு நல்ல கருவி இலவசமாய் இருப்பது ஒன்று. அது இருக்கிறது என்று தேவைப்பட்டவருக்குத் தெரிவது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையை யார் செய்வது, எந்த மொழியில் செய்வது, எந்த வழியாகச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தக் கேள்வி எமக்குப் புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் இதே கேள்விக்கு ஒருவர் விடை தேடினார்.

மானிப்பாயில் நடந்தது

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848 இல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கி, நோயாளரைப் பார்த்ததோடு இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு சென்றிருந்து, 1862 இல் திரும்பி வந்து, 1873 வரை இங்கு பணியாற்றினார். அவரிடம் கற்று வெளியேறியவர்கள் 60 இற்கு மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

கிறீன் ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடினர். கிராமத்திலே பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும், வாந்திபேதியில் கிடக்கும் பிள்ளைக்கும் வைத்தியர் இல்லை என்ற குறை அப்படியே இருந்தது. ஆகவே 1860களில் அவர் தமிழில் கற்பிக்கத் துணிந்தார். தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். தாமும் தம் மாணாக்கரும் சேர்ந்து, அக்காலத்து ஆங்கில மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார்கள். 1857 இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, அதே ஆண்டில் ‘வைத்தியாகரம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ எனப் பெரிய நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. அமெரிக்கா திரும்பிய பின்னும் அவர் இந்த வேலையை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருத்துவ அறிவு அப்போதும் உலகில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்க்குப் புத்தகமாகவும் இருந்தது. வலிகாமத்துக் கிராமத்தானுக்கு அது இருந்தும் இல்லாதது போலவே. கிறீனின் சேவை புதிய மருத்துவம் ஒன்றைக் கண்டுபிடித்தது அன்று. உள்ள அறிவை வேண்டியவர் கைக்கு, வேண்டிய மொழியில் கொண்டுவந்து சேர்த்ததே அவர் சேவை.

அதற்கு மானிப்பாயில் வாய்ப்பும் இருந்தது. அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் 1830களில் இங்கு வேலை தொடங்கியது. 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. 1842 இல், 58,500 சொற்கள் கொண்ட ‘மானிப்பாய் அகராதி’ இங்கேயே அச்சேறியது. கிறீனின் நூல்களிற் பலவும் மானிப்பாயிலேயே அச்சாயின. வைத்தியரும் அகராதியும் அச்சுக்கூடமும் ஓரூரில் அமைந்தமையே அந்த வெற்றிக்குக் காரணம்.

திறந்த மூலம் என்பது என்ன?

எமது ஊர்ப் பரம்பரைப் பரிகாரிமாரில் இரு வகையினர் உண்டு. ஒருவர் எண்ணெயைக் காய்ச்சித் தருவார்; அதன் செய்பாகத்தை மட்டும் சொல்லார். அவர் காலமானால் எண்ணெயும் அவருடன் போய்விடும். மற்றவர் எண்ணெயையும் தருவார், என்னென்ன மூலிகை, எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதையும் சொல்லிக்கொடுப்பார். வேறொருவர் அதைக் கற்றுத் தம் ஊரில் கிடைக்கும் மூலிகைக்கு ஏற்ப மாற்றியும் கொள்ளலாம்.

கணனி மென்பொருளிலும் இவ்விரு வகை உண்டு. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் முதல் வகை. அதன் செய்பாகம் கம்பனியின் பெட்டகத்துள் இருக்கும். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். கம்பனி மூடுண்டால் அதற்குப் பின் திருத்துவார் இல்லை. செய்பாகத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் இரண்டாவது வகையையே திறந்த மூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் அழைக்கின்றனர்.

மருந்து வாங்கவே வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் எமது நாடு 2022 இல் தத்தளித்ததை மறக்க முடியாது. டொலரில் உரிமக் கட்டணம் கட்டும் மென்பொருளை நம்பி நோயாளர் பதிவை ஒப்படைப்பது எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அந்த ஆண்டின் அனுபவத்தை வைத்தே எண்ணிப் பார்க்கலாம்.

கென்யாவிலிருந்து கனியாரி வரை

கென்யா நாட்டின் மேற்கே எல்டொரெற் என்ற நகரம் உள்ளது. அதற்கு அண்மையில் மொசோரியொற் என்ற கிராமச் சுகாதார நிலையத்தில் 2001 இல் ஒரு சிறிய கணனிப் பதிவு முறை தொடங்கப்பட்டது. எயிட்ஸ் சிகிச்சை பெறுவோர் தொகை பெருகப் பெருக அந்தச் சிறிய முறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2004 இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலிருந்து அங்கு வந்த போல் பயொண்டிச், பேர்க் மாம்லின் என்னும் இரு மருத்துவர்கள், எந்த ஏழை நாடும் எடுத்தாளக்கூடிய ஒரு பொது முறையை அமைக்க முற்பட்டனர். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்னும் அமைப்பும் தென்னாபிரிக்க ஆய்வாளரும் அவர்களுடன் சேர்ந்தனர். இப்படிப் பிறந்ததே ‘ஓப்பின் எம்.ஆர்.எஸ்.’ என்னும் நோயாளர் பதிவு மென்பொருள். 2006 இல் கென்யாவிலும் ருவாண்டாவிலும் அது வேலை செய்யத் தொடங்கியது. இன்று உலகின் பல நாடுகளில் அது வழக்கிலுள்ளது.

இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்றொரு கிராமம். அங்கே ‘ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்’ என்னும் மருத்துவர் குழுவினர், ஆதிவாசி மக்களுக்கும் ஏழை விவசாயிகளுக்குமாக ஒரு வைத்தியசாலையை நடத்துகின்றனர். தோட்வேர்க்ஸ் என்னும் கணனி நிறுவனத்தார் அவர்களுடன் கூடி, ஓப்பின் எம்.ஆர்.எஸ். இன் மேல் மருந்துக் களஞ்சியத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் உரிய வேறு திறந்த மென்பொருள்களைப் பொருத்தி, 2013 அளவில் ‘பாம்னி’ என்னும் தொகுப்பை உருவாக்கினர். நோயாளி பதிவு மேசையில் பெயர் சொன்னால் போதும். ஆய்வுகூட முடிவு வைத்தியரின் மேசைக்குக் கணனி வழியே வந்துவிடும். தாளைத் தூக்கிக்கொண்டு நோயாளி கட்டடம் கட்டடமாக அலைய வேண்டியதில்லை. கிராம வைத்தியசாலை ஒன்றின் தேவையிலிருந்து பிறந்த இந்தத் தொகுப்பு இப்போது வேறு நாடுகளிலும் பயன்படுகின்றது.

ஆர்ஜென்ரீனாவின் பின்தங்கிய கிராமங்களைக் கண்ட லூயிஸ் பல்கொன் என்னும் மருத்துவர் 2008 இல் தொடங்கிய ‘குனு ஹெல்த்’ இன்னொன்று. இவை யாவும் பெரும் பட்டணத்து வைத்தியசாலைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

எமது நாடு பெற்றது மட்டுமா?

இலங்கை இத்துறையில் வாங்கும் கையாக மட்டும் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து சில வாரங்களுக்குள், காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதியவும் இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை எழுதினர். 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2010 இல் ஹெயிற்றி பூமியதிர்ச்சியிலும் அது கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான விருது 2006 ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது.

அடுத்தது கொரோனாக் காலம். ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்பது நோர்வே நாட்டின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் பேணும் திறந்த மென்பொருள். எந்தப் பிரதேசத்தில் எத்தனை பேருக்குத் தடுப்பூசி, எத்தனை பேருக்கு டெங்கு என்பன போன்ற கணக்குகளை நாடு முழுவதும் திரட்டுவதற்கு 70 இற்கு மேற்பட்ட நாடுகளில் இது பயன்படுகின்றது. 2020 ஜனவரியில், இலங்கையில் முதல் நோயாளி கண்டறியப்பட்ட நாட்களிலேயே, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடரும் பகுதியொன்றை எமது நாட்டவர் இம்மென்பொருளில் அமைத்தனர். கணனித் தகவலியல் கற்ற அரசாங்க வைத்தியர்களே அதில் முன்னின்றனர். அமைத்ததைத் தமக்குள் வைத்திராமல் உலகத்தாருக்குத் திறந்துவிட்டனர். அதைத் தழுவிப் பல நாடுகள் தமக்கு வேண்டியதை அமைத்துக்கொண்டன. மென்பொருளின் தாயகமாகிய நோர்வேயின் நகரசபைகளும் நோய்த்தொடர்பைத் தேட அதனைக் கையாண்டன.

மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களையும் சொல்ல வேண்டும். கூகிள் நிறுவனம் மாணவரைத் திறந்த மூல வேலையில் ஈடுபடுத்தும் கோடைகாலத் திட்டத்தில், அப்பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக மாணவரை அனுப்பியது. ஓப்பின் எம்.ஆர்.எஸ். இல் வேலை செய்த இலங்கை மாணவரும் பலர். எனவே ஆற்றல் இங்கு இல்லை என்று சொல்வதற்கில்லை.

விற்பனையாளர் இல்லாத பண்டம்

அப்படியாயின், இவை எமது கிராமங்களில் பேசப்படாதது ஏன்?

பணத்துக்கு விற்கும் மென்பொருளுக்கு விற்பனைப் பிரதிநிதி உண்டு. அவர் ரை கட்டி வருவார். வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரம் தருவார். புதுவருடக் கலண்டர் கொடுப்பார். செய்முறை காட்டுவார். இலவச மென்பொருளுக்கு இப்படி ஒருவரும் இல்லை. விற்றால் இலாபம் இல்லாத பண்டத்தைத் தூக்கிக்கொண்டு யார் வீடு வீடாய்த் திரிவார்? அதைப் பயன்படுத்திப் பலன் கண்டவரே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் மொழி. இம்மென்பொருள்களைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கணனி வல்லுநர் கணனி வல்லுநருக்கு எழுதியவை. பதிவு மேசையில் இருக்கும் எழுதுவினைஞருக்கும், கிளினிக்கில் நிற்கும் தாதிக்கும், வீடு வீடாய்ச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அவை எழுதப்படவில்லை. ஆனால் கணனியில் நாள்தோறும் பதிய வேண்டியவர்கள் அவர்களே. அவர்கள் விரும்பாவிட்டால் எந்த மென்பொருளும் மூன்று மாதத்தில் தூசு படிந்துவிடும்.

இன்றைய அச்சுக்கூடம்

கிறீனின் காலத்தில் அச்சு இயந்திரம் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஓர் அச்சுக்கூடம் உண்டு. வலைப்பூவில் எழுதலாம், முகநூலில் பகிரலாம், வட்ஸ்அப் குழுவில் அனுப்பலாம், யூரியூப்பில் செய்து காட்டலாம். எல்லாம் கைக்காசின்றி.

தமிழில் இப்படிச் செய்தவர்கள் முன்னமே இருக்கிறார்கள். 2003 அளவில் தமிழ் வலைப்பூக்கள் தோன்றின. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டார். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் இலவசமாகத் தரும் நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குவதற்கென்றே ‘கணியம்’ இதழ் 2012 இல் தமிழ்நாட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பாதை வெட்டியாயிற்று. மருத்துவ மென்பொருளுக்கென்று அதில் நடப்பவர்தான் தேவை.

எந்த வழி எதற்கு உதவும் என்பதை அறிந்து கையாள வேண்டும். உதயதாரகை செய்தியைப் பரப்பியது; இரண வைத்தியம் போன்ற நூல் அறிவை நிலைநிறுத்தியது. ஒன்றால் மற்றதன் வேலையைச் செய்ய முடியாது. வட்ஸ்அப் செய்தி அன்றே நூறு பேரை எட்டும். நாளை அது புதிய செய்திகளுக்கு அடியில் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஒரு தாதி தேடினால் அகப்படாது. வலைப்பூக் கட்டுரை மெதுவாகவே பரவும். ஆனால் தேடுபவருக்கு எப்போதும் கிடைக்கும். ஆகவே விளக்கத்தை வலைப்பூவில் எழுதி வைத்துவிட்டு, அதன் முகவரியை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பகிர்வதே புத்தி.

சொல்லில் இருக்கிறது சூட்சுமம்

தமிழில் எழுதுவதென்றால் எந்தத் தமிழில்? கிறீன் கலைச்சொல் ஆக்கிய விதத்தை அவர் நூற்பெயர்களிலேயே காணலாம். ‘அங்காதிபாதம்’ எமது பழைய வைத்திய வழக்கில் உள்ள சொல். ‘சுகரணம்’ வடமொழி வழி வந்தது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உருவம் கொடுத்தது. விளங்குவதே அவருக்கு முதல் நோக்கம்; பிடிவாதம் இல்லை.

வைத்தியசாலையை விட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர் ‘வெளியேற்றம்’ என்று எழுதிவிடுவார். அதைப் படிக்கும் தாதி, புண்ணிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றியது என்று எண்ணக்கூடும். எமது சனங்கள் ‘துண்டு வெட்டியாயிற்று’ என்கிறார்கள். அந்தச் சொல்லை எழுதினால் எவருக்கும் மயக்கம் இல்லை. தொய்வு, குளிசை, காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் எல்லாம் அப்படியே. 

ஓப்பின் எம்.ஆர்.எஸ். இன் உள்ளே ஓர் அகராதி இருக்கின்றது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு கேள்வியும் அங்கே ஒரு தனிக் கருத்தாகப் பதியப்படும். அந்த ஒரு கருத்துக்குப் பல மொழிகளில் பெயர் கொடுக்கலாம், ஒரே மொழியில் பல பெயரும் கொடுக்கலாம். ‘தொய்வு’, ‘இழுப்பு’, ‘ஆஸ்துமா’ என மூன்றையும் ஒரே கருத்தின் கீழ் வைத்தால், எந்தச் சொல்லால் தேடினாலும் அதே நோய் வரும், கணக்கும் பிழைக்காது. புதிய கேள்வியொன்று வேண்டுமானால் மென்பொருளை மாற்றி எழுத வேண்டியதில்லை; அகராதியில் சேர்த்தாற் போதும். திரையில் தெரியும் சொற்களை மொழிபெயர்க்கும் வேலையும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றது. அகராதி அச்சிட்ட ஊருக்கு இந்த வேலை அந்நியமானதல்ல.

எழுத முன்வருவோர் கவனத்துக்கு

1. ஒரு கட்டுரையில் ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள். ‘புதிய நோயாளியைப் பதிவது எப்படி’ என்பது ஒரு கட்டுரை. ‘அடுத்த கிளினிக் திகதியைக் குறிப்பது எப்படி’ என்பது இன்னொன்று.

2. மென்பொருளின் பெருமையிலிருந்து தொடங்காமல் வாசகரின் கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். மாத முடிவில் பதிவேடுகளைப் புரட்டி அறிக்கை தயாரிக்கும் தாதிக்கு, அந்த வேலை எப்படிக் குறையும் என்பதே முதற் செய்தி.

3. திரையைப் படம்பிடித்துக் காட்டுங்கள். ஆனால் படத்தில் மெய்யான நோயாளியின் பெயரோ இலக்கமோ ஒருபோதும் வரக்கூடாது. கற்பனைப் பெயரிட்ட பயிற்சிப் பதிவையே காட்டுங்கள். சின்ன ஊரில் பெயரை மறைத்தாலும், வயதையும் நோயையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. எழுதிய திகதியையும், மென்பொருளின் எந்தப் பதிப்பைப் பற்றி எழுதினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். இவை அடிக்கடி மாறுவன.

5. கேள்வி கேட்பவருக்கு மறுமொழி சொல்லுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், அதுவே அடுத்த கட்டுரைக்குப் பொருள்.

6. தாளிலும் அச்சிட்டுக் கொடுங்கள். பதிவு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிய ஒரு தாள், பத்து முகநூற் பதிவுக்குச் சமம்.

குறையையும் சொல்ல வேண்டும்

பிரசாரம் செய்வோர்க்கு ஒரு சோதனை உண்டு. நன்மையை மட்டும் சொல்லத் தோன்றும். அது ஆகாது. மென்பொருள் இலவசமே தவிர, வேலை இலவசமன்று. கணனி வாங்க வேண்டும், வலையமைப்பு வேண்டும், மின்சாரம் நின்றால் தாங்கும் மின்கலம் வேண்டும், பழக்குபவர் வேண்டும், பழுது பார்ப்பவர் வேண்டும். ஆரம்பத்தில் கொப்பியிலும் கணனியிலும் இரண்டு தரம் எழுத வேண்டி வரும். வேலை கூடியது என்று உத்தியோகத்தர் முணுமுணுப்பர். அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் ஆசை காட்டி உள்ளே இழுத்தால், முதற் கஷ்டத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

பதிந்ததை வேறோர் இடத்தில் பிரதி செய்து வைக்காவிட்டால் கணனியும் தாளைப் போல அழியக்கூடியதே. 2021 இல் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் எமது தேசிய அதிகாரசபையின் பெருந்தொகையான தரவுகள் அரச கணனித் தொகுதியிலிருந்து அழிந்துபோன செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்தோம். கறையானுக்குத் தப்பியது கவனயீனத்துக்குத் தப்பாது.

நோயாளியின் இரகசியம் அதனிலும் பெரிது. நூறு கொப்பிகளைத் திருடுவது கடினம். நூறு பேரின் கணனிப் பதிவைச் சிறிய ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்விடலாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், சுகாதாரத் தகவலைத் தனிவகையான தகவலாகவே கொள்கின்றது. யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதை முதல் நாளே தீர்மானித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய வசதியில்லாத இடத்தில் கணனியை அவசரப்பட்டுக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

கிறீனுக்குப் பின்

மானிப்பாயின் கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் பாடம் நிறைவு பெறாது. கிறீன் 1873 இல் விடைபெற்ற பின் தமிழ் வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தன. கற்று முடித்த வைத்தியர்களும் இருந்தார்கள். ஆனால் உத்தியோகமும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. தமிழ் நூல்களைப் புதிய அறிவுக்கேற்பத் திருத்தி, அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்வதற்குப் போதிய ஆள் இருக்கவில்லை. மருத்துவம் வளர்ந்தது; நூல்கள் வளரவில்லை. காலப்போக்கில் அவை ஆராய்ச்சியாளர் தேடும் அரும்பொருள்களாயின.

திறந்த மூல மென்பொருளுக்கும் இதே ஆபத்து உண்டு. வெளிநாட்டு உதவியுடன் ஒரு திட்டம் வரும். கணனிகள் வந்திறங்கும். திறப்பு விழா நடக்கும். இரண்டு வருடத்தில் திட்டம் முடியும். அதை அறிந்தவர் மாற்றலாகிப் போவார் அல்லது விமானம் ஏறுவார். பின்பு கணனிக்கு உறை போடப்படும். செய்பாகம் திறந்தே இருக்கும். அதை வாசிக்கத்தான் ஆள் இராது. அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவருடன் அது போய்விடும். எழுதி வைத்துப் பலருக்கும் பகிர்ந்திருந்தால், அவர் போனாலும் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவதை வெறும் விளம்பரம் என்று எண்ணக்கூடாது என்பது இதனாற்றான். அந்த எழுத்தே அதன் ஆயுள்.

இதற்குப் பெரும் பட்டம் வேண்டியதில்லை. கணனி கற்கும் உயர்தர மாணவர் ஒருவரும், ஓய்வுபெற்ற தாதி ஒருவரும், தமிழ் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு வலைப்பூவைத் தொடங்கிவிடலாம். மாணவர் மென்பொருளைத் தம் கணனியில் ஏற்றிப் பழகட்டும். இணையத்தில் பயிற்சிக்கென்று திறந்து வைத்திருக்கும் மாதிரிப் பதிப்புகளும் உள்ளன. தாதி கிளினிக் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லட்டும். ஆசிரியர் எல்லோருக்கும் விளங்கும் தமிழில் அதை எழுதட்டும். புலம்பெயர்ந்து வாழும் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் பணம் அனுப்புவதோடு நில்லாமல், வாரத்தில் ஒரு மணித்தியாலம் கேள்விகளுக்கு மறுமொழி எழுதினால் அதுவும் பேருதவி.

முதற் கட்டுரைக்கு ஒரு தலைப்பைத் தந்து முடிக்கலாம்: ‘கிளினிக் கொப்பியில் உள்ளதைக் கணனியில் எப்படிப் பதிவது?’ அதை எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஊர் வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவருக்கு விளங்காத இடத்தைத் திருத்துங்கள். பிறகு வெளியிடுங்கள்.